கணக்கில் பின்தங்கும் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியர்களும்

கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்பு வாசிக்கும் பிள்ளைகளிடம் மூன்று இலக்க எண் ஒன்றை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கைக் கொடுத்து, அதை அவர்கள் போட்டு முடிக்கிறார்களா என்று வீடுவீடாகச் சென்று பார்த்துவரும் 'அசர்' என்னும் ஆய்வு, 2005ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நடந்து வருகிறது. 2018இல் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பிள்ளைகளும், பெருந்தொற்றுக்குப் பிந்திய 2022இல் 26 பிள்ளைகளும், 2024இல் 31 பிள்ளைகளும் அக்கணக்கைச் சரியாகச் செய்தார்கள் என்று அதன் அறிக்கைகள் கூறுகின்றன. தமிழ்நாடோ 2022ஆம் ஆண்டின் ஆய்வில் அகில இந்தியச் சராசரிக்கும் தாழ்ந்தே நின்றது. இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் பற்றிப் பத்திரிகைகள் அவ்வப்போது எழுதினாலும், ஐந்து ஆண்டுகள் பள்ளிக்கூடம் சென்று வந்த பிள்ளைகளில் பத்துக்கு ஏழு பேர் சாதாரண வகுத்தலைச் செய்ய மாட்டாமல் ஆறாம் வகுப்பின் வாயிலில் நிற்கிறார்கள் என்ற விஷயம், இத்தனை ஆண்டுகளாகப் பெரிதும் மாறாமலே இருந்து வருகிறது.

இதற்குக் காரணம் யாது என்று கேட்டால் இரண்டு விடைகள் தயாராக இருக்கும். பிள்ளைக்குக் கணக்கு வராது, அது பிறவி அமைப்பு என்பது ஒன்று. ஆசிரியர்களுக்குச் சிரத்தை போதாது என்பது மற்றொன்று. முதல் விடை பள்ளிக்கூடத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறது; இரண்டாவது விடை ஆசிரியரைத் தவிர மற்ற எல்லாரையும் விடுவிக்கிறது. இவ்விரண்டையும் ஒருபுறம் வைத்துவிட்டு, தடுமாறும் பிள்ளைக்கு உதவ வேண்டுமென்று மெய்யாகவே விரும்புகிற ஓர் ஆசிரியருக்கு எவ்வகையான துணை தேவைப்படுகிறது, அத்துணையைப் பற்றிக் கடந்த ஒரு நூற்றாண்டின் ஆராய்ச்சி என்ன சொல்லுகிறது, நம் மாநிலத்தில் இதுவரை அளிக்கப்பட்டது எத்தகையது என்பனவற்றை நிதானமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

'மெல்லக் கற்போர்' என்றும், அண்மைக் காலத்தில் சற்று இங்கிதமாக 'மெல்ல மலர்வோர்' என்றும் ஒரே பட்டியலில் எழுதப்படும் பிள்ளைகள் அனைவரும் ஒரே காரணத்தால் பின்தங்கியவர்கள் அல்லர். அவர்களுள் ஒரு சிறு பகுதியினர் எண்ணைப் பற்றிய இயற்கை உணர்விலேயே குறையுடையவர்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா நகரத்து மனோதத்துவ அறிஞர் லாடிஸ்லாவ் கோஷ்ச் என்பவர் 1974இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், மற்ற ஆற்றல்கள் யாவும் வயதுக்கேற்ப அமைந்திருந்தும் எண் விஷயத்தில் மட்டும் தடுமாறுகிற பிள்ளைகள் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேர் இருப்பதாகக் கணித்தார். அக்குறைபாட்டுக்கு 'டிஸ்கால்குலியா' என்ற பெயர் நிலைபெற்றுவிட்டது. மூன்று புள்ளிகளைக் கண்டவுடனே மூன்று என்று அறியாமல் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதும், எட்டு, ஐந்து இவற்றுள் எது பெரிது என்று சொல்வதற்கே நேரம் எடுத்துக்கொள்வதும் இதன் அடையாளங்களுள் சில என்று இங்கிலாந்தின் பிரையன் பட்டர்வொர்த் போன்றோர் பின்னர் விளக்கினார்கள். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனைக் கற்றல் குறைபாடுகளுள் ஒன்றாகப் பெயர் சொல்லியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இத்தகைய பிள்ளையைச் சோம்பேறி என்று தண்டிப்பது கொடுமை. ஆயினும், நூற்றுக்கு 6 பேரிடம் உள்ள ஒரு குறைபாட்டைக் கொண்டு நூற்றுக்கு எழுபது பேரின் தோல்விக்குச் சமாதானம் சொல்ல முடியாதென்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

வேறொரு பகுதியினரை ஆட்டுவிப்பது அச்சம். கணக்குச் செய்யும்போது இடையிடையே கிடைக்கும் விடைகளை மனத்தில் ஏந்திக்கொண்டே அடுத்த படிக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. அச்சம் அந்த ஏந்தும் சக்தியில் ஒரு பங்கைத் தனக்கென எடுத்துக்கொண்டுவிடுகிறது என்று அமெரிக்க மனோதத்துவ அறிஞர் மார்க் ஆஷ்கிராப்ட் முதலியோர் சோதனைகளால் காட்டியிருக்கிறார்கள். ஆகையால் வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து சரியாகச் சொல்லும் பிள்ளை, கரும்பலகைக்கு முன்னால் பிரம்பின் அருகே நிற்கும்போது பிழைபடச் சொல்வதில் வியப்பில்லை. அச்சம் பிள்ளையிடம் மட்டும் இருப்பதன்று. சிகாகோவில் சையன் பெய்லாக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முதல் இரண்டு வகுப்புகளில் கணக்கைக் கண்டு அஞ்சும் ஆசிரியைகளிடம் ஓராண்டு பயின்ற பெண் குழந்தைகள், ஆண்டின் முடிவில் 'கணக்கு ஆண்பிள்ளைகளுக்கே உரியது' என்ற எண்ணத்துக்கு ஆளாகி, கணக்கிலும் பின்தங்கியதாகக் கண்டார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு கணக்கை விட்டு ஓடியவர்களே பெரும்பாலும் தொடக்கப்பள்ளியில் அதனைக் கற்பிக்க வந்து சேர்கிறார்கள் என்ற நிலையில், ஆசிரியரின் அச்சத்தைத் தீர்ப்பதும் பிள்ளைக்குச் செய்யும் உதவியின் ஒரு பகுதியே ஆகும்.

எஞ்சியவர்களே மிகப் பெரும்பான்மையினர். மூளையிலும் குறையில்லாமல், தொடக்கத்தில் அச்சமும் இல்லாமல், எங்கோ ஒரு படியில் கால் தவறியவர்கள் இவர்கள். சரித்திரத்தில் ஒரு பாடத்தைத் தவறவிட்ட மாணவன் அடுத்த பாடத்தைப் படித்துக்கொள்ளலாம். கணக்கிலோ, இடமதிப்பு விளங்காதவனுக்கு இனமாற்றக் கழித்தல் விளங்காது. கழித்தலும் பெருக்கலும் வராதவனுக்கு வகுத்தல் வராது. வகுத்தல் வராதவனுக்குப் பின்னம் ஒரு புதிராகவே நின்றுவிடும். அம்மை வந்து முப்பது நாள் வராதது, அறுவடைக்குப் பெற்றோருடன் வெளியூர் சென்றது, ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் இருவர் பார்த்துக்கொண்டதால் ஒரு பருவம் முழுவதும் பாடம் ஓடாமற்போனது என்பன போன்ற சாதாரணக் காரணங்களே இந்தத் தவறுதலுக்குப் போதுமானவை.

இப்படிக் கால் தவறிய பிள்ளை எந்தப் படியில் தவறியது என்பதை ஆசிரியர் அறிவது எங்ஙனம்? மதிப்பெண் அதைச் சொல்லாது. பிள்ளை எழுதிய தவறான விடைதான் சொல்லும்; ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவருக்கே அது சொல்லும். 304இலிருந்து 178ஐக் கழிக்கும் கணக்கை எடுத்துக்கொள்வோம். சரியான விடை 126. ஒரு பிள்ளை 274 என்று எழுதுகிறது. அது ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. 'சிறியதிலிருந்து பெரியது போகாது' என்று முதல் வகுப்பில் நாம் சொல்லிக்கொடுத்த விதியை அது உத்தமமாகப் பின்பற்றியிருக்கிறது. இன்னொரு பிள்ளையின் விடை 226. அதற்குக் கடன் வாங்கத் தெரியும். பூச்சியம் ஒன்பதாகும் என்பதும் தெரியும். ஆனால் அந்த ஒன்பது நூறுகளிலிருந்து வந்தது என்பது தெரியாததால் மூன்றை மூன்றாகவே விட்டுவைத்திருக்கிறது. மூன்றாவது பிள்ளை பூச்சியத்திடம் கடன் கேட்பது வீண் என்று கருதி அதைத் தாண்டிச் சென்று மூன்றிடமே வாங்கி, அந்த நூறை ஒரு பத்தாக ஒன்றுகளின் இடத்தில் சேர்த்து, பத்துகளின் இடத்தில் மேலிருக்கும் பூச்சியத்தைக் கீழிருக்கும் ஏழிலிருந்து கழித்து 176 என்று எழுதுகிறது. மூவருக்கும் சிவப்பு மையில் ஒரே பெருக்கல் குறிதான் கிடைக்கிறது. மூவருக்கும் 'இன்னும் பத்துக் கணக்குப் போட்டு வா' என்ற ஒரே பரிகாரம்தான் சொல்லப்படுகிறது. பத்துக் கணக்குகளையும் அவர்கள் தங்கள் தங்கள் வழியிலேயே போட்டு வருவார்கள். பிழை அப்பியாசத்தினால் உறுதிப்படும்.

பிள்ளைகளின் பிழைகள் கவனக்குறைவால் சிதறி விழுவன அல்ல, பெரும்பாலும் ஒழுங்கான ஒரு தவறான முறையின் விளைவுகள் என்பதை ஜான் சீலி பிரௌன், ரிச்சர்டு பர்ட்டன் என்ற இருவர் 1978இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் கழித்தல் விடைகளைக் கணிப்பொறியின் துணைகொண்டு ஆராய்ந்து நிறுவினார்கள். அவ்வாராய்ச்சியோடு அவர்கள் அமைத்த ஒரு விளையாட்டுப் பயிற்சி நம் காலத்துக்கும் பொருந்துவது: கணிப்பொறி ஒரு பிள்ளையைப் போலத் தவறு செய்யும்; பயிற்சி ஆசிரியர் அது எந்த முறையால் தவறுகிறது என்று கண்டுபிடித்து, அதே தவறைத் தாமும் செய்து காட்ட வேண்டும். பிள்ளையின் பிழையைப் பிள்ளையைப் போலவே செய்து காட்டக்கூடிய ஆசிரியருக்குப் பரிகாரம் பாதி கைவசமாகிவிட்டது என்று சொல்லலாம்.

பின்னங்களில் இது இன்னும் சூட்சுமமாகிறது. அரையும் மூன்றிலொன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதாத வகுப்பு உலகில் எங்கும் இராது. ஆனால் இரண்டு ஆட்டங்களில் ஒன்றையும் அடுத்த மூன்று ஆட்டங்களில் ஒன்றையும் வென்ற ஓர் அணி, ஐந்தில் இரண்டை வென்றது என்று சொன்னால் அது மெய்தானே? பிள்ளையின் விதி ஓரிடத்தில் செல்லும், மற்றோரிடத்தில் செல்லாது. அரைப்படி நெல்லோடு மூன்றிலொரு பங்கு படி நெல்லைச் சேர்த்தபின் கிடைப்பது அரைப்படிக்கும் குறைவாக இருக்குமா என்று ஒரு கேள்வி கேட்டால், ஐந்தில் இரண்டு அரையைவிடச் சிறிது என்பதை அறிந்த பிள்ளை தானே திடுக்கிட்டு நின்றுவிடும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்திருப்பதுதான் ஆசிரியரின் வித்தை. 612ஐ ஆறால் வகுத்து 12 என்று எழுதும் பிள்ளைக்கும், 3.15 என்பது 3.7ஐவிடப் பெரியது என்று சாதிக்கும் பிள்ளைக்கும் இப்படிப்பட்ட தனித்தனிக் கேள்விகள் உண்டு.

பிழைகளைப் பற்றிய இந்த அறிவு, கற்பித்தல் முறைகளைப் பற்றிய பழைய வழக்குகளைப் புதிய வெளிச்சத்தில் காட்டுகிறது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியைக் காலையிலும் மாலையிலும் உரத்த குரலில் ஒப்பித்து, முந்திரி, காணி, மா, அரைக்கால் என்னும் கீழ்வாய்ப் பின்னங்களையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டார்கள். அந்த மனப்பாடம் வெறும் ஒலியாக நில்லாததற்குக் காரணம், நெல்லளப்பிலும் நில அளவையிலும் பிள்ளை அதை நித்தமும் பிரயோகிக்கக் கண்டது. பின்னர் வந்த பள்ளிக்கூடம் பிரயோகத்தை விட்டுவிட்டு மனப்பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் எட்வர்டு தார்ண்டைக் 1922இல் எழுதிய நூல், கணக்கைத் தனித்தனி இணைப்புகளாகப் பிரித்து அப்பியாசத்தால் பதிய வைக்கும் வழிக்குச் சாஸ்திர கௌரவம் அளித்தது. 1935இல் வில்லியம் பிரௌனல் அதை மறுத்து, பொருள் விளங்காத அப்பியாசம் நில்லாது என்று வாதித்தார். அன்று தொடங்கிய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. என் அபிப்பிராயத்தில் இவ்வழக்கு வகுப்பறையில் உள்ள ஆசிரியருக்கு அவ்வளவு முக்கியமானதன்று. வாய்ப்பாடு தெரியாதவன் வகுத்தலின் நடுவே மூச்சுத் திணறுகிறான் என்பதும், வாய்ப்பாடு மட்டும் தெரிந்தவன் எங்கே பெருக்குவது என்று அறியாமல் விழிக்கிறான் என்பதும் அவர் தினமும் காண்பவை.

பொருளிலிருந்து படத்துக்கும் படத்திலிருந்து குறிக்கும் செல்ல வேண்டும் என்று அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஜெரோம் புரூனர் 1960களில் வகுத்த கிரமத்தைச் சிங்கப்பூர் தன் பாடத்திட்டத்தின் முதுகெலும்பாக்கிக்கொண்டது. நம்மிடம் புளியங்கொட்டைக்கும் தீக்குச்சிக் கட்டுக்கும் பஞ்சமில்லை. ஆணிமணிச் சட்டம் இல்லாத தொடக்கப்பள்ளியும் அருமை. குறை வேறிடத்தில் இருக்கிறது. கட்டைப் பிரித்துப் பத்துக் குச்சிகளாக்கும் செயலும், பலகையில் மூன்றை அடித்து இரண்டு என்று எழுதும் செயலும் ஒன்றே என்பதைப் பிள்ளை காணும்படி இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து காட்டாமல், திங்கட்கிழமை குச்சி விளையாட்டு, செவ்வாய்க்கிழமை கணக்கு என்று பிரித்துவிடுகிறோம். சென்னையில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்து 2005இல் மறைந்த பி. கே. சீனிவாசன், எளிய பொருள்களைக் கொண்டே எண்களின் ஒழுங்குகளைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடிக்கும்படி செய்வதில் வல்லவர். இராயபுரத்தில் கணித மேதை இராமானுஜனுக்கு ஒரு காட்சியகம் அமைய உழைத்தவரும் அவரே. அவருடைய வகுப்பின் பெருமை பொருள்களில் இருந்ததைவிட, பொருளைக் காட்டிவிட்டு அவர் கேட்ட கேள்விகளில் இருந்தது.

பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வெளியே கற்றுக்கொள்ளும் கணக்கைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரத்துச் சந்தையில் பெற்றோரோடு வியாபாரம் செய்த சில சிறுவர்களை டெரசினா கராஹரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1985இல் ஆராய்ந்தார்கள். கடையில் வாடிக்கையாளர் கேட்டபோது அச்சிறுவர்கள் நூற்றுக்கு 98 கணக்குகளைச் சரியாகச் சொன்னார்கள்; அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது 37 அளவுக்கு இறங்கிவிட்டார்கள். தேங்காய் ஒன்று 35 என்றால் பத்துத் தேங்காய்க்கு என்ன விலை என்று கேட்டதற்கு, ஒரு சிறுவன் பூச்சியம் சேர்க்கும் விதியை நாடாமல், மூன்று தேங்காய்க்கு 105 என்று மூன்று மூன்றாகக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சிய ஒன்றையும் சேர்த்து 350ஐ அடைந்தான். கல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதனையே உறுதிப்படுத்தி, மறுபுறத்தையும் காட்டியது; பள்ளியில் தேர்ந்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். ஆகவே, வாரச்சந்தையில் கீரைக்கட்டு விற்றுச் சில்லறை பிசகாமல் தரும் ஒரு பெண் பள்ளியில் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் இருந்தால், அவளுக்கு அறிவு போதவில்லை என்ற முடிவுக்கு வருவதற்கு முன், அவளுடைய வழி என்னவென்று கேட்டு அறிந்து, அதைக் குறிகளில் எழுதிக் காட்டும் பாலத்தை ஆசிரியர் கட்ட வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் செய்வதற்கு ஆசிரியருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? பட்டம் பெற்றிருப்பது இதற்குப் போதாதென்பதை லிபிங் மா என்னும் சீன அம்மையார் 1999இல் வெளியிட்ட நூல் தெளிவாக்கியது. ஒன்றேமுக்காலை அரையால் வகுக்கும் கணக்கை அமெரிக்க ஆசிரியர்களிடமும் சீன ஆசிரியர்களிடமும் அவர் கொடுத்தார். சீன ஆசிரியர் 72 பேரும் சரியாகச் செய்தார்கள். அமெரிக்கர்களில் பாதிக்கும் குறைவானவர்களே செய்தார்கள். இதற்கேற்ற ஒரு கதைக்கணக்கைச் சொல்லுங்கள் என்றபோது வித்தியாசம் இன்னும் பெரிதாயிற்று. அமெரிக்கர்களில் ஒருவர் தவிர மற்றவர்களால் இயலவில்லை. பலர் அரையால் வகுப்பதையும் இரண்டாகப் பகுப்பதையும் குழப்பிக்கொண்டார்கள். ஒன்றேமுக்கால் படி அரிசியை அரைப்படியால் அளந்தால் எத்தனை முறை அளக்கலாம் என்று கேட்டால் மூன்றரை என்பது எந்தத் தமிழ்ப் பாட்டிக்கும் தெரியும். ஆனால் 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்ற விதிக்கும் அந்த அளத்தலுக்கும் உள்ள உறவை நம் ஆசிரியர்களுள் எத்தனை பேர் சொல்வார்கள் என்பது விசாரிக்கத்தக்கது. அமெரிக்க ஆசிரியர்கள் கல்லூரிப் பட்டதாரிகள். சீனர்களோ ஒன்பதாம் வகுப்புக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டு ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள். தங்கள் பள்ளியில் சக ஆசிரியர்களோடு சேர்ந்து பாடநூலை வரிவரியாக ஆராயும் பழக்கமே அவர்களுக்கு இந்த ஞானத்தைத் தந்தது என்று மா கருதினார். பாடத்தை அறிவதும் பாடத்தைப் பிள்ளைக்கு விளங்கவைக்க அறிவதும் வெவ்வேறு என்று லீ ஷுல்மன் 1986இல் எடுத்துரைத்ததற்கு இது சிறந்த உதாரணமாயிற்று.

அத்தகைய அறிவை ஆசிரியருக்கு ஊட்டினால் பிள்ளைக்குப் பயன் உண்டா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் தாமஸ் கார்ப்பென்டர், எலிசபெத் ஃபெனிமா முதலியோர் 1989இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முதல் வகுப்பு ஆசிரியர் 40 பேருள் பாதிப்பேர் கோடை விடுமுறையில் ஒரு மாதம் பயிற்சி பெற்றார்கள். எப்படிக் கற்பிப்பது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. பாடத்திட்டமோ கருவியோ கொடுக்கவில்லை. சிறு பிள்ளைகள் கூட்டல் கழித்தல் கதைக்கணக்குகளை எத்தனை வகையாகத் தீர்க்கிறார்கள், ஒரு வகையிலிருந்து மற்றொன்றுக்கு எப்படி முன்னேறுகிறார்கள் என்பதை மட்டுமே விளக்கினார்கள். அந்த ஆசிரியர்கள் வகுப்பில் பிள்ளைகள் சொல்வதை அதிகமாகக் கேட்டார்கள். கூட்டல் வாய்ப்பாட்டைக் குறைவாகவே ஒப்பிக்க வைத்தார்கள். ஆயினும் ஆண்டின் முடிவில் அப்பிள்ளைகள் கதைக்கணக்கில் முன்னேறியதோடு, கூட்டல் விடைகளை நினைவிலிருந்து சொல்வதிலும் மற்ற வகுப்புகளை மிஞ்சினார்கள். நான் அறிந்த மட்டில், ஆசிரியருக்குச் செய்யும் உதவியைப் பற்றிய ஆராய்ச்சிகளில் நாம் மிகுதியும் கவனிக்க வேண்டியது இதுதான்.

நம் நாட்டின் அனுபவத்திற்கு வருவோம். பம்பாயிலும் வடோதராவிலும் 2001 முதல் இரண்டாண்டுகள் பிரதம் என்னும் தொண்டு அமைப்பு, பின்தங்கிய பிள்ளைகளைப் பதினைந்து இருபது பேராகப் பிரித்து, அந்தந்த வட்டாரத்துப் பெண்களைக் கொண்டு தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படைகளைக் கற்பித்தது. மிகவும் பின்தங்கிய பிள்ளைகளே அதனால் மிகுதியும் பயனடைந்தார்கள். பிள்ளையை வகுப்பின்படி நிறுத்தாமல் அதன் நிலையின்படி நிறுத்திக் கற்பிக்கும் இம்முறை பிறகு பல மாநிலங்களுக்குப் பரவிற்று. அரசுப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கருவிகளும் மட்டும் அளித்த இடங்களில் பெரிய பலன் விளையவில்லை. இதற்கென்று பள்ளி நேரத்தில் ஒரு மணியைத் தனியே ஒதுக்கி, மேற்பார்வையாளர்களும் அதைக் கவனித்து வந்த அரியானாவில் பலன் தெரிந்தது. பாடப்பகுதியை முடிக்க வேண்டுமென்ற ஆணையும் பின்தங்கியவனைக் கவனி என்ற உபதேசமும் ஒரே மணி நேரத்துக்குள் போட்டியிட்டால், ஆணையே வெல்லும் என்பது இதன் தாத்பரியம்.

தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறை, ஆந்திரத்தில் உள்ள ரிஷி பள்ளத்தாக்கின் கிராமப் பள்ளிகளிலிருந்து வித்தெடுத்தது. பாடங்களை ஏணிப்படிகளாக அடுக்கிய இம்முறையில் பிள்ளை தன் வேகத்தில் ஏறலாம். ஒவ்வொரு படிக்கும் உரிய செயல் அட்டையை எடுத்துத் தானே செய்யலாம். விடுப்பு எடுத்தவன் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கால் தவறிய பிள்ளைக்கு இதைவிடக் கருணையான ஏற்பாடு அதற்குமுன் நம் பள்ளிகளில் இருந்ததில்லை. ஆயினும் அட்டை பிள்ளையின் மனத்தில் நடப்பதைக் கேளாது. ஸ்டான்லி எர்ல்வாங்கர் 1973இல் எழுதிய 'பென்னி' என்ற சிறுவனின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. அவனும் இப்படித் தன் வேகத்தில் தனித்தாள்களில் கற்றவன். நன்றாக முன்னேறுகிறான் என்று ஆசிரியரால் கருதப்பட்டவன். உட்கார வைத்துப் பேசியபோது, மூன்றில் இரண்டும் இரண்டில் மூன்றும் தசமத்தில் ஒன்றே, 0.5 என்று தயங்காமல் சொன்னான்; மேலெண்ணையும் கீழெண்ணையும் கூட்டிப் புள்ளி வைப்பதே முறையென்று தானாக ஒரு விதியை வகுத்துக்கொண்டிருந்தான். தாளின் விடை திறவுகோலோடு பொருந்தும்வரை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் கணக்கு என்பது அவன் கண்ட சித்தாந்தம். பேசாத வகுப்பில் இப்படிப்பட்ட பென்னிகள் எத்தனை பேர் இருப்பார்களோ!

பெருந்தொற்றின் இழப்பை ஈடுசெய்ய 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், ஒரே வகுப்பின் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துப் பயிற்சிநூல் அளித்தது. ஆடலும் பாடலும் வகுப்புக்குள் வந்தன. முதல் மூன்று வகுப்புகளிலேயே அடிப்படையைக் கட்ட வேண்டும் என்ற அதன் நோக்கம் மிகச் சரியானது. ஆனால் பிரிப்பது கண்டறிதலாகிவிடாது. அரும்பு நிலையில் உள்ள பத்துப் பிள்ளைகளும் பத்து வெவ்வேறு இடங்களில் தடுமாறுகிறார்கள். அதை அறிய வேண்டிய நேரத்தில் நம் ஆசிரியர், பிள்ளைகளின் நிலையைச் செயலியில் பதிவேற்றிக்கொண்டிருக்கிறார் என்பது ஆசிரியர் சங்கங்கள் பலகாலம் கூறிவரும் முறையீடு. அதில் நியாயம் உண்டு.

முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரோடும் பேச நேரமேது என்று கேட்பார்கள். தினமும் எல்லாரோடும் பேச வேண்டியதில்லை. நாளொன்றுக்கு ஒரு பிள்ளையை அருகழைத்து ஐந்து நிமிடம், 'நீ எப்படிச் செய்தாய், சொல்' என்று கேட்டு, இடைமறிக்காமல் கேட்டிருந்தால், இரண்டு மாதத்துக்குள் வகுப்பு முழுவதையும் ஒரு சுற்று அறிந்துவிடலாம். மற்றவர்கள் அந்நேரத்தில் இருவர் இருவராகச் செய்து ஒருவருக்கொருவர் விளக்கலாம். மூத்த மாணாக்கன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தை எழும்பூர் அநாதை விடுதியில் 1789 முதல் மேற்பார்வையாளராக இருந்த ஆண்ட்ரு பெல், மணலில் எழுதிப் பயிலும் நம் பள்ளிகளின் வழக்கத்தோடு சேர்த்துக் கையாண்டு, 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார் என்பதை நம் பயிற்சி நிறுவனங்கள் நினைவில் வைத்தால் நல்லது.

கடைசியாகப் பயிற்சியின் அமைப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். மாநில அளவில் கருத்தாளர் சிலருக்குச் சொல்லி, அவர்கள் மாவட்டத்துக்குச் சொல்லி, மாவட்டம் வட்டார வள மையத்துக்குச் சொல்லி, ஆசிரியரிடம் வந்து சேரும் பயிற்சி, ஆற்றில் திறந்துவிட்ட நீர் கடைமடைக்கு வந்து சேர்வதைப் போன்றது. வரும், ஆனால் எவ்வளவு வரும் என்று கேட்கக் கூடாது. ஜப்பானில் ஆசிரியர்கள் சிலர் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளையே கவனித்திருந்து, பின்னர் அமர்ந்து விவாதித்துத் திருத்தும் வழக்கம் பல தலைமுறைகளாக உண்டு. நடத்துபவரைக் குறைகூறுவது அங்கே நோக்கமில்லை. பிள்ளை எங்கே விழித்தது என்பதே பேச்சு. கணிதக் கல்வியின் முதன்மையான இடர்களுள் அச்சத்தையும் தோல்வியுணர்வையும் எடுத்துக் காட்டி, ஆர். இராமானுஜம் அவர்கள் தலைமையில் 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காக அமைந்த குழு, ஆசிரியரின் தயாரிப்புப் போதாமையையும் அவற்றோடு சேர்த்தே கூறியது. கூறி இருபது ஆண்டுகள் ஆகின்றன.

ஆகையால் கல்வித்துறையினரிடம் நாம் வேண்டிக்கொள்வது பெரிதொன்றுமன்று. முதல் இரண்டு வகுப்புகளைப் பள்ளியின் மிகத் தேர்ந்த ஆசிரியரிடம் ஒப்படையுங்கள். புதிதாக வந்தவரிடமும் ஓய்வை எதிர்நோக்கி அலுத்தவரிடமும் தள்ளிவிடாதீர்கள். நாள்தோறும் ஒரு மணியைப் பாடப்பகுதியின் ஆட்சியிலிருந்து விடுவித்துப் பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று ஆசிரியரிடம் கொடுங்கள். குறுவள மையக் கூட்டங்களில் சுற்றறிக்கை வாசிப்பதைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்புப் பிள்ளைகள் பிழைபடச் செய்த ஐந்து கணக்குகளைக் கொண்டுவந்து, அப்பிழை பிறந்த வழியைச் சக ஆசிரியர்களோடு சேர்ந்து ஆராய வகைசெய்யுங்கள். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. கூட்டங்கள் ஏற்கெனவே நடந்து வருகின்றன, விடைத்தாள்களும் பள்ளிக்கூட அலமாரிகளிலேயே இருக்கின்றன.